பேரிங் சத்தம் வரும் முன்பே: அதிக ஆர்பிஎம் இன்ஜினில் ஆயில் பஞ்சத்தை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

பிக் எண்ட் பேரிங் (கனெக்டிங் ராட் கிராங்கைப் பிடிக்கும் இடத்தில் உள்ள பேரிங்) போன காரைக் கொண்டுவருபவர்கள் ஏறக்குறைய ஒரே வசனத்தைத்தான் சொல்வார்கள்: "நேற்று வரை நன்றாகத்தான் ஓடியது, இன்றைக்குத் திடீரென்று டக் டக் என்று சத்தம்." இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்பைக் கழற்றி, பேரிங்கின் அரைவட்டத் தகடான ஷெல்லைக் கையில் எடுத்தால் அதில் 'திடீர்' எதுவும் இருக்காது. மேல்பூச்சு பல வாரங்களாகத் தேய்ந்து, செம்பு தெரிந்து, கடைசியில் அதுவும் உருகி இழுபட்டிருக்கும். சத்தம் கடைசி அறிகுறி. அதற்கு முன்பே பிரஷர், வெப்பம், ஃபில்டர் மூன்றும் தங்கள் பங்குக்குச் சொல்லிப் பார்த்திருக்கும். நாம்தான் காது கொடுத்திருக்க மாட்டோம். முதலில் தெரியும் அறிகுறிகளில் தொடங்கி, இன்ஜினைப் பிரித்த பிறகு தெரிவது வரை கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் காரில் தெரியும் அறிகுறிக்கு நேராகத் தாவலாம். அடுத்த பகுதியை மட்டும் விட்டுவிட வேண்டாம்.

அறிகுறிக்குப் போகும் முன்

ஓடும் இன்ஜினில் கிராங்க் ஜர்னல் (கிராங்கில் பேரிங் பிடிக்கும் உருளைப் பகுதி) பேரிங் ஷெல்லைத் தொடுவதில்லை, தொடவும் கூடாது. நடுவே ஆயில் படலம் ஒன்று இருக்கிறது. சுமை அதிகம் விழும் இடத்தில் அதன் தடிமன் சில மைக்ரான்தான்; தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட வராது. சுழலும் ஜர்னல் தன்னோடு ஆயிலை ஆப்புப் போல இடுக்குக்குள் இழுத்துக்கொண்டு போகிறது. அங்கே உருவாகும் அழுத்தம், பம்ப் தரும் 4 அல்லது 5 பாரைவிட நூறு மடங்குக்கு மேலும் போகும். கிராங்கைத் தாங்குவது அந்த அழுத்தம். பக்கவாட்டில் கசிந்து வெளியேறும் ஆயிலுக்கு ஈடாகப் புது ஆயிலை விடாமல் ஊட்டுவதுதான் பம்பின் வேலை. ஆகவே கேஜில் தெரியும் எண், ஆயில் வந்துகொண்டிருக்கிறது என்பதற்கான சாட்சி, அவ்வளவே.

ஆர்பிஎம் ஏறினால் இதில் என்ன சிக்கல்? பிஸ்டனும் ராடும் உச்சிக்குப் போய்த் திரும்பும்போது உண்டாகும் இழுவிசை, வேகத்தின் வர்க்கத்தில் வளர்கிறது. 6,000-லிருந்து 8,000-க்குப் போனால் சுற்று மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. விசை சுமார் 1.78 மடங்காகிவிடுகிறது. எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடிந்து பிஸ்டன் திரும்பும் இடத்தில் எதிர்த்துத் தள்ள எரிந்த வாயுவின் அழுத்தமும் இருக்காது. முழு இழுவையும், ராடின் அடியில் போல்ட் போட்டு இறுக்கும் கேப் பக்கத்து ஷெல் தலையில் விழும். இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள்: 7,200 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 120 சுற்று. அரை நொடி ஆயில் வரவில்லை என்றால் 60 சுற்று, அத்தனையும் இடுக்கில் மிச்சமிருக்கும் ஆயிலை நம்பி.

அறிகுறி: வளைவில் மட்டும் பிரஷர் விழுகிறது

ட்ராக்கில் ஓட்டுபவர்களுக்கு வரும் முதல் தொல்லை இது. நேராகப் போகும்போது எல்லாம் சரியாக இருக்கும். நீண்ட வளைவில் முள் சற்றுத் தாழும், வளைவு முடிந்ததும் பழைய இடத்துக்கு வந்துவிடும். கேஜ் கோளாறு என்று பலரும் விட்டுவிடுவார்கள்.

கார் 1 ஜி பக்கவிசையில் திரும்பினால் சம்பில் இருக்கும் ஆயிலின் மேற்பரப்பு 45 பாகை சாய்கிறது. எல்லா ஆயிலும் ஒரு பக்கச் சுவரில் ஏறி நிற்க, பம்புக்கு ஆயிலை உறிஞ்சும் ஸ்ட்ரெய்னரின் வாய் காற்றைக் குடிக்கும். சின்னத் திருப்பம் என்றால் ஆயில் ஏறுவதற்குள் வளைவே முடிந்துவிடும். மூன்று நான்கு நொடி நீளும் வளைவுதான் ஆபத்து. ஸ்ட்ரெய்னர் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்து இடது வளைவில் மட்டும், அல்லது வலது வளைவில் மட்டும் பிரஷர் விழலாம். கடும் பிரேக்கில் விழுந்தால் ஆயில் முன்னால் ஓடிவிடுகிறது என்று பொருள். வேடிக்கை என்னவென்றால், இன்ஜினில் யாரும் கை வைத்திருக்கவே மாட்டார்கள். நன்றாக ஒட்டிப் பிடிக்கும் டயர் போட்டிருப்பார்கள், அன்றிலிருந்து தொடங்கியிருக்கும். டயரின் பிடிப்பு கூடினால் பக்கவிசையும் கூடும். சம்ப் பழைய சம்ப்தானே.

டாஷ்போர்டில் இருக்கும் சிவப்பு ஆயில் விளக்கை இதற்கு நம்பக் கூடாது. அதன் சுவிட்ச் பெரும்பாலும் 0.3 முதல் 0.5 பார் அளவில்தான் வேலை செய்யும். ஐடிலுக்கு அது போதும். 7,000-இல் அந்த விளக்கு எரிந்தால் அது எச்சரிக்கை இல்லை, இரங்கல் செய்தி. காரோடு வரும் கேஜும் சில மாடல்களில் வெறும் அலங்காரம்; குறைந்தபட்ச அழுத்தம் வந்ததும் முள் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். மெயின் கேலரியில், அதாவது பம்பிலிருந்து பேரிங்குகளுக்கு ஆயில் போகும் முக்கிய வழியில், ஒரு நல்ல சென்சாரைப் போட்டு, பிரஷர், ஆர்பிஎம், பக்கவிசை மூன்றையும் ஒரே நேரத்தில் பதிவு செய்யுங்கள். நொடிக்கு 10 முறையாவது பதிவாக வேண்டும், இல்லாவிட்டால் அரை நொடிப் பள்ளம் கண்ணில் படாமலே போய்விடும். பக்கவிசை ஏறும் இடத்திலெல்லாம் பிரஷர் கோடு இறங்கினால் நோய் உறுதி. கூடவே 2 அல்லது 3 பாரில் எரியும் பெரிய விளக்கு ஒன்றைக் கண்ணுக்கு நேரே வையுங்கள். ஐடிலில் எரிந்துகொண்டிருக்கும், பரவாயில்லை. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ இடம் கொடுத்தால், அந்தந்த ஆர்பிஎம்முக்கு வேண்டிய பிரஷர் இல்லாதபோது இன்ஜினையே நிறுத்தும்படி அமைப்பது இன்னும் நல்லது.

வைத்தியத்தைச் செலவு குறைந்ததிலிருந்து தொடங்கலாம். ஆயில் அளவு டிப் ஸ்டிக்கில் மேல் கோட்டில் இருக்கிறதா? இரண்டு கோட்டுக்கும் நடுவே இருந்தால் போதும் என்பது சாதாரண ஓட்டத்துக்குச் சரி, ட்ராக்குக்குச் சரிவராது. அடுத்து, ஸ்ட்ரெய்னரைச் சுற்றி ஒருபக்கம் மட்டும் திறக்கும் கதவுகள் வைத்த தடுப்புத் தகடு. இதுவே பாதிப் பேருக்குப் போதும். கிராங்க் கிளப்பும் காற்று ஆயிலைச் சுழற்றி அடிக்காமல் இருக்க விண்டேஜ் ட்ரே. இதற்கும் அடங்காவிட்டால் அக்யுமுலேட்டர்: ஒன்று முதல் மூன்று லிட்டர் வரை ஆயிலை அழுத்தத்தோடு பிடித்து வைத்திருந்து, கேலரியில் பிரஷர் விழுந்ததும் உள்ளே தள்ளும் உருளை. அது வாங்கித் தருவது சில நொடிகள்தான், ஆனால் ஒரு வளைவைக் கடக்க அந்த நொடிகளே வேண்டும். கடைசிப் படி ட்ரை சம்ப்: ஆயிலைச் சம்பில் தேங்க விடாமல் உறிஞ்சித் தனித் தொட்டியில் வைக்கும் அமைப்பு. 9,000 ஆர்பிஎம் தொடும் போர்ஷே 911 ஜிடி3 தொழிற்சாலையிலிருந்தே ட்ரை சம்போடு வருவது சும்மா இல்லை.

அறிகுறி: நேர் சாலையிலேயே, ஆர்பிஎம் ஏற ஏற பிரஷர் இறங்குகிறது

ஆர்பிஎம்மோடு பிரஷரும் ஏறி, கூடுதல் அழுத்தத்தை வெளியே விடும் ரிலீஃப் வால்வ் திறக்கும் இடத்தில் தட்டையாக நிற்பது இயல்பு. தட்டையானதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 6,000-க்கு மேல் அது கீழே இறங்கத் தொடங்கினால் பம்புக்குள் ஆயிலோடு காற்று போகிறது, அல்லது போதுமான ஆயிலே போகவில்லை.

முதலில் ஆயில் அளவு. இந்த முறை கூடுதலாக இருக்கிறதா என்று பாருங்கள். அளவுக்கு மீறி ஊற்றினால் கிராங்கின் எடைக்கட்டிகள் ஆயிலில் அடித்து நுரைக்க வைக்கும். நுரைத்த ஆயில் கேஜில் ஓரளவு பிரஷர் காட்டும், பேரிங்கில் சுமை தாங்காது. வேகமாக ஓட்டி நிறுத்தியதும் டிப் ஸ்டிக்கை உருவினால் குமிழ்கள் தெரியும். ஆயில் அழுத்தத்தால் வால்வ் இடைவெளியைச் சரிசெய்யும் ஹைட்ராலிக் டாப்பெட் உள்ள இன்ஜினில், முழு வேகத்தில் ஓட்டிய பிறகு ஐடிலில் சில நொடி டாப்பெட் சத்தம் கேட்டால் அதுவும் காற்றின் வேலையே.

அடுத்த சந்தேகம் ஸ்ட்ரெய்னர் குழாய். அதன் ஓ-ரிங் காய்ந்து வெடித்திருந்தால் பம்ப் அந்த இடுக்கு வழியாகக் காற்றை உறிஞ்சும். இதைப் பிரிக்காமலே ஓரளவு சோதிக்கலாம். ஆயிலைச் சற்றுக் கூடுதலாக ஊற்றி, மிதமான வேகத்தில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். பிரஷர் சட்டென்று நல்லபடியானால், முன்பு ஆயில் மட்டத்துக்கு வெளியே இருந்த ஓட்டை இப்போது மூழ்கியிருக்கிறது. சோதனை முடிந்ததும் கூடுதல் ஆயிலை இறக்க மறக்க வேண்டாம்.

சம்பைக் கழற்றியாகிவிட்டதா? அப்படியே ஸ்ட்ரெய்னர் வலையைப் பாருங்கள். முன்பு யாரோ சம்ப் ஒட்டியபோது தாராளமாகப் பூசிய சிலிக்கோன் பசை, புழு புழுவாக அறுந்து வலையில் அப்பியிருக்கும். எனக்குத் தெரிந்து நன்றாக இருந்த இன்ஜின்களைக் கொன்றதில் இந்தப் பசைக்கு நல்ல பங்கு உண்டு. விளிம்பில் மெல்லிய கோடு போதும். ஸ்ட்ரெய்னர் வாய்க்கும் சம்பின் அடித்தளத்துக்கும் பொதுவாக 6 முதல் 10 மி.மீ. இடைவெளி வேண்டும். சம்பில் கல் அடித்து நசுங்கியிருந்தால் அந்த இடைவெளி காணாமல் போயிருக்கும்.

இவை எதுவும் இல்லை, ஆனால் நீண்ட நேரம் உயர் ஆர்பிஎம்மில் வைத்திருந்தால்தான் இறங்குகிறது என்றால், ஆயில் சிலிண்டர் ஹெட்டில் தங்கிவிடுகிறது. மேலே போகும் வேகத்துக்குக் கீழே வடிய வழி இல்லை. உள்ளே சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீத்தர் அடைத்து கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறியிருந்தால் வடிவது இன்னும் மோசமாகும். பிரீத்தரைச் சுத்தம் செய்து, ஹெட்டின் வடிகால் துளைகளில் கசடு இருக்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: சூடானதும் ஐடிலில் பிரஷர் மிகக் குறைவு

1,000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 0.7 பார் என்பது பட்டறைகளில் புழங்கும் பழைய கணக்கு. பம்பின் வெளியீட்டைத் தானே மாற்றிக்கொள்ளும் புதிய இன்ஜின்களுக்கு அது பொருந்தாது. அவற்றுக்கு சர்வீஸ் மேனுவல் சொல்லும் எண்ணே எண். எதுவானாலும் முதலில் மெக்கானிக்கல் கேஜ் ஒன்றைத் தற்காலிகமாக மாட்டி, சென்சார் பொய் சொல்லவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

பிரஷர் உண்மையிலேயே குறைவு என்றால் டிப் ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசம் அடித்தால் ஆயில் நீர்த்திருக்கிறது. இன்ஜெக்டர், பெட்ரோல் கலவை, அடிக்கடி குறுகிய தூர ஓட்டம் ஆகியவற்றை முதலில் கவனிக்க வேண்டும். வாசம் இல்லையென்றால் ஆயில் கிரேடு. 100 டிகிரி செல்சியஸில் எஸ்ஏஇ 30 ஆயிலின் பாகுத்தன்மை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக், 40-க்கு 12.5 முதல் 16.3. பேரிங்குக்கு இதைவிட முக்கியமானது 150 டிகிரியில் வேகமாக அரைக்கும்போது மிஞ்சும் பாகுத்தன்மை, எச்டிஎச்எஸ் என்பார்கள். 30-க்கு அது குறைந்தது 2.9 மில்லிபாஸ்கல்-நொடி, 5டபிள்யூ-40-க்கு 3.5. நகரச் சாலையில் 30 போதுமான இன்ஜின், ட்ராக்கில் 40 கேட்கலாம்.

அதற்காக, தடித்த ஆயில் எல்லாவற்றையும் தீர்க்கும் என்று நினைப்பது தவறு. 8,000-க்கு மேல் சுற்றும் பிஎம்டபிள்யூவின் எஸ்65, எஸ்85 இன்ஜின்களுக்கு 10டபிள்யூ-60 பரிந்துரைக்கப்பட்டது. அதைப் பார்த்து, இறுக்கமான கிளியரன்ஸ் (ஜர்னலுக்கும் ஷெல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளி) உள்ள இன்ஜினிலும் 60 ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். கேஜில் எண் அழகாக ஏறும். பேரிங் வழியே ஓடும் ஆயில் குறைந்து, சூடு ஏறும். தேய்ந்த பேரிங்கைத் தடித்த ஆயிலால் மறைத்து வைப்பதும் இதே கதைதான்.

ஆயில் சரியென்றால் ரிலீஃப் வால்வில் தூசு சிக்கித் திறந்தே நிற்கிறதா, பம்ப் ரோட்டர் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்து, கடைசியாகத்தான் பேரிங் கிளியரன்ஸுக்கு வர வேண்டும். ஜர்னல் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பொதுவான அளவு: 50 மி.மீ. ஜர்னலுக்கு 0.05 மி.மீ. அதிக ஆர்பிஎம்முக்குக் கட்டுபவர்கள் இதற்கு மேல் நூறில் ஒரு மி.மீ. போலச் சேர்த்து விடுவார்கள். பிளாஸ்டிகேஜ் (நசுங்கிய அகலத்தை வைத்து இடைவெளி காட்டும் மெல்லிய இழை) ஒரு சரிபார்ப்பு மட்டும். அளப்பது என்றால் மைக்ரோமீட்டரும் போர் கேஜும்தான்.

அறிகுறி: ஆயில் வெப்பம் 130 டிகிரியைத் தாண்டுகிறது

100 முதல் 120 வரை ட்ராக்கில் சாதாரணம். 100 டிகிரியில் இருந்த பாகுத்தன்மை 130-இல் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆயில் கூலர் போடுங்கள். தெர்மோஸ்டாட் உள்ளதாக இருக்கட்டும். இல்லாவிட்டால் அடுத்த தொல்லைக்கு நீங்களே வழி செய்வீர்கள்.

அறிகுறி: குளிர்ந்த இன்ஜினை விரட்டிய பிறகு கோளாறு தொடங்கியது

கூலன்ட் முள் நடுவுக்கு வந்துவிட்டால் இன்ஜின் சூடாகிவிட்டது என்று நம்புகிறோம். ஆயில் அதற்குப் பல நிமிடம் பின்தங்கித்தான் வரும். குளிர்ந்த தடித்த ஆயிலில் 7,000 தொட்டால் பிரஷர் கேஜ் முகட்டில் நிற்கும். ஆனால் ரிலீஃப் வால்வ் திறந்து பெரும்பகுதி ஆயில் சம்புக்கே திரும்பிக்கொண்டிருக்கும், ஃபில்டரின் பைபாஸும் திறந்து வடிகட்டாத ஆயில் போகும். ஆயில் 70, 80 டிகிரி வரும்வரை 3,000-க்கு மேல் வேண்டாம். காலையில் ஸ்டார்ட் செய்த முதல் இரண்டு நொடி மட்டும் சத்தம் என்றால், ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் வால்வ் சரியில்லாத ஃபில்டராக இருக்கலாம். நல்ல ஃபில்டரை மாற்றிப் பாருங்கள்.

அறிகுறி: ஓடிக்கொண்டிருக்கும்போதே பிரஷர் பூஜ்யம்

உடனே இன்ஜினை நிறுத்துங்கள். ஓரங்கட்ட எஞ்சின் உதவி வேண்டாம், உருண்டே போகட்டும். கிராங்க்கே நேராகச் சுழற்றும் பம்புகளில் உள்ளே இருக்கும் கியர் உடைவது இப்படித்தான் வெளிப்படும். அதிர்வை அடக்கும் ரப்பர் டேம்பர் புல்லியை எடுத்துவிட்டு எடை குறைந்த வெறும் புல்லி போடுவதும், ரெவ் லிமிட்டரில் விடாமல் அடித்துக்கொண்டிருப்பதும் இந்த கியருக்கு எமன். புல்லியில் மிச்சம் பிடிக்கும் அந்த ஒரு கிலோவுக்காக டேம்பரைக் கழற்றுவதில் எனக்கு உடன்பாடே இல்லை.

அறிகுறி: ஃபில்டரில் மினுமினுப்பு

ஆயில் மாற்றும்போதெல்லாம் பழைய ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். ஹேக்சா வேண்டாம், அதன் தூளே உலோகத் தூளாகக் கலந்துவிடும். அதற்கென்று உருளும் வெட்டுக்கருவி இருக்கிறது. மடிப்புத் தாளை விரித்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் வெள்ளியாக மின்னினால் அலுமினியமோ பேரிங் மேல்பூச்சோ. செம்பு நிறம் என்றால் மூன்றடுக்கு ஷெல்லின் மேல்பூச்சு போய் அடுத்த அடுக்கு தேய்கிறது. அலுமினிய ஷெல்லில் செம்பு தெரியாது, அதனால் தெரியவில்லை என்பதை வைத்து நிம்மதி அடைய முடியாது.

ஆயில் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினால் கண்ணுக்குத் தெரியாததும் தெரியும். ஈயம், செம்பு, தகரம் ஏறினால் பேரிங். சிலிக்கான் ஏறினால் ஏர் ஃபில்டர் வழியே மண். சோடியமோ பொட்டாசியமோ ஏறினால் கூலன்ட் கசிவு. ஒரு தடவை வந்த எண்ணைவிட மூன்று நான்கு தடவை அது போகும் போக்குதான் பேசும்.

அறிகுறி: சத்தம் வந்துவிட்டது

எல்லா டக் டக்கும் பேரிங் அல்ல. வால்வ் பக்கத்துச் சத்தம் கிராங்க் சுற்றும் வேகத்தில் பாதிதான் கேட்கும். ராட் பேரிங் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை தட்டும். பிஸ்டன் ஆட்டம் குளிரில் கேட்டு, சூடானதும் அடங்கும். பேரிங் சத்தம் நேர்மாறு, சூடாக ஆகத்தான் வளரும். 2,000 முதல் 2,500-இல் பிடித்து, ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் இரட்டைத் தட்டாகக் கேட்பது அதன் அடையாளம். எந்த சிலிண்டர் என்று அறிய ஒவ்வொரு இன்ஜெக்டர் இணைப்பாகக் கழற்றிப் பாருங்கள். சுமை போனதும் சத்தம் தணியும். இக்னிஷனை மட்டும் கழற்றினால் எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும். இந்தச் சோதனையும் ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். ஆயிலைத் தடிப்பாக்கும் டப்பா எதையும் ஊற்றி ஓட்ட வேண்டாம்.

பிரித்தாயிற்று: ஷெல் என்ன சொல்கிறது

ஷெல்களைக் கழற்றிய வரிசையிலேயே, மேல் கீழ் மாறாமல் அடுக்குங்கள். கலந்துவிட்டால் சாட்சியே போச்சு.

மேல்பூச்சு உருகி இழுபட்டு, ஜர்னல் நீலம் பாய்ந்து கருத்திருந்தால் ஆயில் வரவில்லை. சுற்றுவாக்கில் கோடு கோடாகக் கீறல், நடுநடுவே பதிந்த துகள் என்றால் அழுக்கு. ராட் பக்கத்து மேல் ஷெல் மட்டும் அடிவாங்கியிருந்தால் டெட்டனேஷன் (சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவை கட்டுமீறி வெடிப்பது), அல்லது குறைந்த ஆர்பிஎம்மில் உயர் கியரில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்து இழுத்தது. பேரிங் போவதற்கு ஆர்பிஎம் மட்டும் காரணமில்லை. கேப் பக்கத்து ஷெல் மட்டும் என்றால் அதிகச் சுற்று. மூன்றாவது கியருக்குப் போக நினைத்து முதல் கியரில் விழுந்தால் ரெவ் லிமிட்டரால் ஒன்றும் செய்ய முடியாது, சக்கரமே இன்ஜினைச் சுழற்றும். வறண்ட குளத்து மண் போல வெடிப்பு விட்டிருந்தால் உலோகக் களைப்பு. எதிரெதிர் ஓரங்களில் மட்டும் தேய்மானம் என்றால் ராட் வளைந்திருக்கிறது. ஷெல்லின் முதுகு பளபளத்திருந்தால் அது ராடுக்குள் சுழலப் பார்த்திருக்கிறது. ஷெல்லைப் பிடித்து வைப்பது அந்தச் சின்ன நாக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அது இடம் காட்ட மட்டும்தான். பிடித்து வைப்பது போல்ட் இறுக்கும்போது ஷெல் நசுங்கி உட்காரும் இறுக்கம்.

அறிகுறி: புது பேரிங் போட்டும் மறுபடி போகிறது

இதில் நானே ஒரு தடவை மாட்டியிருக்கிறேன். கிராங்கைப் பாலிஷ் செய்து, புது ஷெல் போட்டு, எல்லாம் அளந்து கட்டிய இன்ஜின். ஆயில் கூலரை மட்டும் நன்றாக அலசிவிட்டு மறுபடி மாட்டினேன். சில நூறு கிலோமீட்டரில் அதே சத்தம். கூலரை வெட்டிப் பார்த்தால் உள்ளே மடிப்புக்கு மடிப்பு பழைய பேரிங்கின் தூள். அலசுவதால் அது முழுதாக வராது. அன்றிலிருந்து பேரிங் போன இன்ஜினின் கூலரை நான் திரும்பப் போடுவதில்லை. பம்பும் அப்படியே.

கிராங்கின் ஆயில் துளைகளில் அடைப்பான் இருந்தால் அதைக் கழற்றி பிரஷ் விட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். ராடின் பெரிய துளை வட்டமாக இருக்கிறதா என்று போல்ட்டை இறுக்கிய நிலையில் அளக்க வேண்டும். ராட் போல்ட் புதிதாக இருக்கட்டும். கட்டி முடித்ததும் பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, கேஜில் பிரஷர் தெரியும்வரை ஸ்டார்ட்டரால் மட்டும் சுழற்றுங்கள், விட்டு விட்டு, ஸ்டார்ட்டர் சூடாகாமல். பிரஷர் வந்த பிறகுதான் ஸ்டார்ட். முதல் 20 நிமிடம் ஓடியதும் ஆயிலை இறக்கி ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். கட்டும்போது பேரிங்கில் பூசிய மசகுப் பசையின் வழவழப்பும் கொஞ்சம் மெல்லிய தூளும் இருக்கும். இரண்டாவது ஃபில்டரை 500 கிலோமீட்டரில் வெட்டுங்கள், அதில் மினுமினுப்பு இருக்கக் கூடாது.